உச்சி வெயிலில் கறுக்கும் நெல்வயல்

கேள்வி: திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பி, காவிரியை ஒட்டிக் கிழக்கே தஞ்சாவூர், கும்பகோணம் வரை தாழப் பறக்க நினைப்பவர்களுக்காக எங்கள் பகுதியின் நிலக்காட்சியை ஃபிளைட் சிமுலேட்டரில் உருவாக்கி வருகிறேன். பிளெண்டரில் மாடல் செய்து மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குக் கொண்டுபோகிறேன். வீடுகள், பாலங்கள், மதகுகள் எல்லாம் திருப்தியாக வந்துவிட்டன. மெல்லிய பொருட்களில்தான் மாட்டிக்கொண்டேன்.

நெற்பயிரைச் செங்குத்தான அட்டைகளாக நட்டிருக்கிறேன். காலையில் ஒரு பக்கமிருந்து பார்த்தால் பச்சை, சுற்றித் திரும்பி வந்தால் கறுப்பு. நண்பகலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வயல் முழுக்கக் கரி பூசியதுபோல் கிடக்கிறது. 'இருபுறம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன், பாதிதான் சரியானது. நார்மலை மேல்நோக்கித் திருப்பு என்று ஒரு நண்பர் சொன்னார். திருப்பினேன். ஒரு பக்கம் அருமையாக வந்தது, மறுபக்கம் முன்பைவிட மோசமாகிவிட்டது. தென்னந்தோப்பு தூரத்தில் மொட்டை மரங்களாகிவிடுகிறது. கீற்று வேலி விடாமல் மினுக்குகிறது. மின்கம்பிகள் புள்ளி புள்ளியாக அறுந்து தெரிகின்றன. இத்தனைக்கும் ஐரோப்பியர் ஒருவரின் பயிற்சி வீடியோவை அடிபிறழாமல் பின்பற்றினேன். அவருடைய கோதுமை வயல் அழகாகத்தான் இருக்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

— ஒரு வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்தக் கோதுமை வயலும் உங்கள் நெல்வயலும் ஒரே முறையில் செய்யப்பட்டவைதான். மேலே நிற்கும் சூரியன்தான் வேறு. முதலில் இதைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் இதன் பின்னால் வரும்.

ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சம் வாங்குகிறது என்பதற்கு ஜோஹான் ஹைன்ரிஷ் லாம்பெர்ட் 1760-இல் எழுதிய விதியைத்தான் இன்றைய கிராஃபிக்ஸ் கார்டும் பின்பற்றுகிறது. பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதற்கும் ஒளி வரும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன்தான் வெளிச்சத்தின் அளவு. அந்தக் கோடுதான் நார்மல். செங்குத்தாக நிற்கும் அட்டையின் நார்மல் கிடைமட்டமாக இருக்கும். தரையின் நார்மல் நேராக வானத்தைப் பார்க்கும்.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21 நண்பகலில் அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 38.5 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கே பார்த்த செங்குத்து அட்டைக்கு 0.78 பங்கு வெளிச்சம், தரைக்கு 0.62. அட்டை தரையைவிடப் பளிச்சென்று இருக்கும். அதே நாள், அதே நண்பகல், தஞ்சாவூர். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 10.8 பாகையில். சூரியன் 79 பாகை உயரத்தில் நிற்கும். தரைக்கு 0.98, அட்டைக்கு வெறும் 0.19. தரையைவிட அட்டை ஐந்து மடங்கு இருட்டு. ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24, 25-ஐ ஒட்டியும் நமக்கு நிழலில்லா நாள் வரும். அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் செங்குத்து அட்டைக்கு நேர் வெளிச்சம் பூஜ்யம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டுமே பூஜ்யம். வானத்தின் பரவலான ஒளி மட்டும் கொஞ்சம் மேலே படியும். நீங்கள் பார்த்த கரி அதுதான். சாய்ந்த வெயிலில் வாழ்கிறவர் செய்த பாடத்தில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. தை மாதத்தில் நமக்கும் கொஞ்சம் தாங்கும். பொங்கல் நாள் நண்பகலில் சூரியன் 58 பாகைக்கு இறங்கிவிடுவதால் தெற்கு பார்த்த அட்டைக்கு 0.53 கிடைக்கும். சித்திரையில் தாங்காது.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: செங்குத்தாக நிற்கிற அட்டைக்கு நார்மல் கிடைமட்டமாகத்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வடிவம் ஒன்று, நார்மல் வேறொன்று என்று இருக்கலாம் என்பதை புய் டுவாங் ஃபோங் என்ற வியட்நாமியர் 1975-லேயே காட்டிவிட்டார். தட்டையான முக்கோணங்களின் மூலைகளில் நார்மலைத் தனியாக வைத்து இடையில் அதைப் படிப்படியாக மாற்றினால், தட்டைப் பரப்பே உருண்டையாகத் தெரியும் என்றார். மெல்லிய பொருளைச் செய்கிறவர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோக வேண்டும். தடிமனே இல்லாத பொருளில் நார்மல் தானாக வருவதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அது நீங்கள் எடுக்கும் முடிவு. எந்த உயரத்திலிருந்து, எந்தத் திசையிலிருந்து பார்க்கப் போகிறார்கள், அந்தப் பொருள் நிஜத்தில் ஒளியோடு என்ன செய்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. டெல்டாவைச் செய்ய வந்த உங்களுக்கு இதிலிருந்து தப்ப வழியே இல்லை. இங்கே நெல், வாழை, தென்னை, மூங்கில், கொடிக்கால் அகத்தி, கீற்று, நாற்றங்காலில் நிற்கும் தண்ணீர் என்று கண்ணில் படுவதெல்லாம் மெல்லியவைதான்.

ஒரு காலையில் ஏழு மணிக்கு வரப்பில் நின்று கிழக்கே பாருங்கள். பயிர் முழங்கால் உயரம் வந்த சம்பா வயலாக இருந்தால் நல்லது. சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் ஒவ்வொரு தாளும் ஒளியை உள்ளே விட்டு மஞ்சள் கலந்த பச்சையாக எரியும். நரம்புகள் நீளவாக்கில் கோடு கோடாகத் தெரியும். அப்படியே மேற்கே திரும்புங்கள். அதே பயிர் சாம்பல் கலந்த பச்சையாக அடங்கிவிடும், நுனிகளில் நீர்த்துளி மட்டும் மின்னும். சூரியனுக்கு முதுகு காட்டும் பக்கம்தான் நிஜத்தில் பிரகாசம். உங்கள் கணினி அந்தப் பக்கத்தைத்தான் கறுப்பாக்குகிறது. இலையை அது தகரத் தகடாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். நெல்லுக்கு நார்மல் எல்லாப் புள்ளிகளிலும் நேர் மேலே. உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆயிரம் தாள்கள் ஆயிரம் கோணத்தில் சாய்ந்து நிற்கும் வயல், மேலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே பரப்பு. அந்தப் பரப்பின் சராசரித் திசை வானம். நார்மலை மேலே வைத்தால் பயிரும் கீழே உள்ள தரையும் ஒரே கணக்கில் வெளிச்சம் வாங்கும். வரப்போரத்தில் அட்டை முடிகிற இடமும் தரைப்படம் தொடங்குகிற இடமும் வெட்டித் தெரியாது. பிளெண்டரில் 'நார்மல் எடிட்' மாடிஃபையரில் திசை முறையைத் தேர்ந்து, எல்லாம் இணையாக என்று வைத்தால் ஒரு நிமிட வேலை.

பிறகு ஏன் மறுபக்கம் கெட்டது? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் ஏற்றுமதி செய்யும் ஜிஎல்டிஎஃப் வடிவத்தில் 'இருபுறம்' என்று டிக் போட்டால் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. பின்முகத்தை வரையாமல் விடும் வழக்கம் நிறுத்தப்படுகிறது. கூடவே, பின்முகத்துக்கு நார்மலைத் தலைகீழாகத் திருப்பிய பிறகே ஒளி கணக்கிடப்படுகிறது. கிடைமட்ட நார்மலுக்கு இது நியாயம், கிழக்கைப் பார்த்தது மேற்கைப் பார்க்கும். மேல்நோக்கிய நார்மலைத் திருப்பினால் அது பூமியைப் பார்க்கும். பூமியிலிருந்து வெயில் வராது. முன்பக்கம் அருமை, பின்பக்கம் முன்பைவிட மோசம் என்று நீங்கள் எழுதியதற்கு இதுதான் காரணம்.

தீர்வு: நெல்லுக்கு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு அட்டையையும் நகலெடுத்து, நகலின் முகத்தை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் புள்ளிகள் சுற்றி வரும் வரிசை தீர்மானிக்கிறது, நார்மல் அல்ல. இரண்டும் தனித்தனி விஷயம். ஆகவே முன், பின் இரண்டு முகங்களுக்கும் நார்மல் மேல்நோக்கியே இருக்கலாம். முக்கோணங்கள் இரட்டிப்பாகும் என்று பயப்படாதீர்கள். எந்த நேரத்திலும் இரண்டில் ஒன்றுதான் வரையப்படும். எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டருக்குச் செய்தாலும் இரண்டு முகங்களை நீங்களே வைப்பதுதான் பாதுகாப்பு.

இதில் இரண்டு எச்சரிக்கை. நகலெடுத்த பிறகு பழக்கதோஷத்தில் 'மெர்ஜ் பை டிஸ்டன்ஸ்' கொடுத்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் உள்ள புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் வைத்த நார்மலும் போய்விடும். இன்னொன்று, நகலும் இருந்து டிக்கும் இருந்தால் இரண்டு முகங்களும் ஒரே ஆழத்தில் நின்று எது முன்னால் என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறி மாறி வரும். உங்கள் கீற்று வேலி மினுக்குவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. வேலிக்கு நகலை அழித்துவிட்டு டிக்கை மட்டும் வையுங்கள். பின்னிய கீற்று ஏறக்குறைய ஒளி புகாத பொருள். அதன் நிழல்பக்கம் நிழலாகத்தான் இருக்க வேண்டும். விளம்பரப் பலகை, தகரத் தட்டி, பம்புசெட்டுக் கொட்டகையின் தட்டிக்கதவு எல்லாவற்றுக்கும் இதே வழி.

நார்மல் எல்லாம் மேலே பார்த்தால் பயிர் தட்டையாகத் தெரியுமே என்று அடுத்து கேட்பீர்கள். தெரியும். அதனால் நிழலை டெக்ஸ்ச்சரில் நீங்களே தீட்ட வேண்டும். தூரின் அடிப்பகுதி கரும்பச்சை, நடுவில் இளகல், நுனி வெளிர். நிஜ வயலிலும் தாள்கள் அடர்ந்துவிட்டால் அடித்தூருக்கு வெயில் எட்டுவதில்லை. நெல் அட்டைக்கு நார்மல் மேப் வேண்டாம். மேல்நோக்கித் திருப்பிய நார்மலோடு அது ஒத்துப்போகாமல் திட்டுத் திட்டாகக் காட்டும். நெல் அட்டைகள் நிழல் போடுவதையும் நிறுத்திவிடுங்கள். அட்டையின் நிழல் பக்கத்து அட்டையில் வரிவரியாக விழுந்து, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த சீரான வெளிச்சத்தைக் கெடுத்துவிடும்.

ஒளி ஊடுருவும் அந்தக் காலை நேரப் பிரகாசம்? நெல்லுக்கு அதை விட்டுக்கொடுத்துவிடலாம் என்பது என் தீர்ப்பு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதை நோக்கிப் பறக்கிறவருக்கு மட்டுமே அது தெரியும். சிலர் இலைக்குக் கொஞ்சம் சுயஒளி கொடுத்து அந்தப் பிரகாசத்தைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். பகலில் ஏமாற்றலாம். இரவு எட்டு மணிக்கு அந்த வயல் தானாக ஒளிர்ந்துகொண்டு நிற்கும். செய்யாதீர்கள்.

வாழைக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றுப் படுகையில் நிற்கும் வாழையில் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரியது. மேற்புறம் வழவழப்பான அடர்பச்சை, அடிப்புறம் மாவு படிந்ததுபோல் வெளிறியது. முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் தனித்தனி டெக்ஸ்ச்சர் கொடுங்கள், சொரசொரப்பின் அளவையும் மாற்றுங்கள். நடுத்தண்டில் இலையை லேசாக மடித்து, காற்றில் கிழிந்த நார்களையும் ஓரத்தில் காட்டினால் போதும். உங்கள் சிமுலேட்டரின் மெட்டீரியலில் ஒளி ஊடுருவ வசதி இருந்தால் அதை முதலில் வாழைக்குச் செலவழியுங்கள். அங்கேதான் போட்ட உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

தென்னைக்கு வருகிறேன். வளர்ந்த தென்னையின் தலையில் ஏறத்தாழ முப்பது மட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் பதினைந்து அடிக்குக் குறையாது. பலரும் ஒரு மட்டைக்கு ஒரு தட்டை அட்டை வைக்கிறார்கள். அதனால்தான் மரம் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது. நிஜ மட்டையில் தண்டு மேலே நிற்க, ஓலைகள் அதன் இருபுறமும் கீழ்நோக்கிச் சரிகின்றன. அட்டையைத் தண்டின் நெடுகிலும் மடித்து இரண்டு சரிவாக்கிவிட்டால் ஒரு சரிவு வெயிலிலும் மறு சரிவு நிழலிலும் நிற்கும். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தென்னை என்று கண் ஒப்புக்கொள்வது அந்த இரண்டு நிற வரிகளைப் பார்த்துத்தான். பிறகு தலை முழுவதற்கும் 'நார்மல் எடிட்' மாடிஃபையரில் ஆரமுறையைக் கொடுத்து, குருத்தின் அடியை மையமாக வையுங்கள். மடிப்பினால் வந்த வேறுபாடு முழுக்க அழிந்துவிடாமல் பாதிப் பங்கு மட்டும் கலந்தால் போதும். மேல் மட்டைகள் வானத்தையும் தொங்கும் கீழ் மட்டைகள் பக்கவாட்டையும் பார்க்கும். தலைக்கு ஒரு கனம் வந்துவிடும். பனைக்கு இந்த வேலை வேறு மாதிரி. விசிறி ஓலை விறைப்பாக நிற்பதால் ஒவ்வொரு விசிறிக்கும் தன் நார்மலே பெரும்பாலும் சரி.

தூரத்தில் தென்னை மொட்டையாவது ஒளியின் குற்றம் அல்ல, ஆல்பாவின் (படத்தில் எது இலை, எது வெற்றிடம் என்று சொல்லும் அளவின்) குற்றம். ஓலை டெக்ஸ்ச்சரில் இலை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கு முப்பது பங்கு இலை, எழுபது பங்கு வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். மரம் தூரம் போகப் போகச் சிமுலேட்டர் மிப்மேப்புகளை, அதாவது அதே படத்தின் சிறிய நகல்களை எடுக்கும். அவற்றில் பக்கத்துப் புள்ளிகள் கலந்து ஆல்பாவின் சராசரி 0.3 ஆகிவிடும். வெட்டும் எல்லை வழக்கமாக 0.5. அதற்குக் கீழே உள்ளது எல்லாம் வெற்றிடம் என்று கணக்கு. ஆகவே ஓலை மெலிவதில்லை, முழுதாகவே மறைகிறது. இலை எழுபது பங்கு அடைத்த வாழைக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்து, கிழிசல்கள் எல்லாம் அடைபட்டுப்போகும். ஒவ்வொரு மிப்மேப்பிலும் ஆல்பாவைப் பெருக்கி, இலை அடைத்த பங்கு முதல் படத்தில் இருந்தபடியே இருக்கச் செய்வதுதான் முறையான மருந்து. இக்னாசியோ காஸ்டான்யோ 2010-இல் இதைத் தெளிவாக விளக்கி எழுதினார். டெக்ஸ்ச்சர் சுருக்கும் கருவிகள் சிலவற்றில் இதற்கு வசதி இருக்கிறது. இல்லையென்றால் தூரத்து மாடலுக்குத் தனி டெக்ஸ்ச்சர் தயாரித்து ஓலையைத் தடிமனாக வரையுங்கள், எல்லையை 0.3-க்கு இறக்குங்கள். வெற்றிடத்தின் அடியில் உள்ள நிறத்தையும் பாருங்கள். அங்கே வெள்ளை இருந்தால் ஒவ்வொரு ஓலையின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு ஓடும். இலையின் பச்சையையே வெற்றிடம் முழுக்கப் பரப்பிவிடுங்கள். கலக்கும் ஆல்பாவை இலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். முன்பின் வரிசை குழம்பி, பின்னால் உள்ள மரம் முன்னால் வந்து நிற்கும்.

மின்கம்பிக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 60 பாகை பார்வைக் கோணம், 1920 புள்ளி அகலத் திரை. 500 மீட்டர் தொலைவில் திரையின் ஒரு புள்ளி சுமார் 30 சென்டிமீட்டரை அடக்கும். கம்பியின் தடிமன் ஒரு விரல். ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட அடைக்காத பொருளைத் திரை எப்படித் தொடர்ச்சியாகக் காட்டும்? அறுந்து அறுந்துதான் தெரியும். கம்பியைப் பக்கத்தில் மட்டும் வைத்து, தொலைவில் கம்பங்களையும் கோபுரங்களையும் மட்டும் நிறுத்துங்கள். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களுக்குக் கம்பி ஆபத்தை உணர்த்த வேண்டுமானால் உயரழுத்தக் கோபுரங்களின் கம்பியை மட்டும் சற்றுத் தடிமனாக்கி வையுங்கள்.

இதே கணக்கை நெல்லுக்கும் போட்டுப் பாருங்கள். ஆயிரம் அடி உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கும்போது ஒரு புள்ளி 18 சென்டிமீட்டர். நடவில் குத்துக்குக் குத்து விடும் இடைவெளியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது அந்த உயரத்தில் ஒரு குத்து ஒரு புள்ளி, தாள் தெரிய வாய்ப்பே இல்லை. மாவட்டம் முழுக்க அட்டை நடுவது வீண். தாழ இறங்குகிற இடங்களை ஒட்டி, சாலையோரம், ஆற்றங்கரையோரம் நட்டால் போதும். மீதி வேலையைத் தரைப்படம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரைப்படம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செயற்கைக்கோள் படம் மேகமில்லாத மாதத்தில் எடுத்ததாக இருந்தால், அதில் இருப்பது அறுவடை முடிந்து காய்ந்த பழுப்பு நிலம். அதன் மேல் நீங்கள் பச்சைப் பயிரை நடுகிறீர்கள். என்னதான் நார்மலைச் சரிசெய்தாலும் ஒட்டாது. எந்தப் பருவம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கிற வழக்கமான ஆண்டை வைத்துக்கொண்டால், ஜூலையில் குறுவை வயல்கள் நடவு முடிந்த தண்ணீராக இருக்கும். அப்போது அட்டையே வேண்டியதில்லை. வழவழப்பான நீர்ப்பரப்பும் அதில் வானத்தின் பிரதிபலிப்பும் மேலே மெல்லிய பச்சைப் புள்ளி வரிசையும் போதும். கார்த்திகையில் சம்பா பயிர் அடைத்துக்கொண்டு நிற்கும். தையில் கதிர் முற்றித் தலைசாய்ந்த பொன்னிறம். பக்கத்து வயலில் தாளடி இன்னும் பச்சையாக நிற்கும். எல்லா வயலுக்கும் ஒரே பச்சையைக் கொடுத்தால் அது டெல்டா ஆகாது. கடைமடைப் பக்கம் போவதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு முந்தைய படத்தைப் பார்த்து ஒரே உயரத்தில் மரங்களை நட்டுவிடாதீர்கள். புயலுக்குப் பின் வைத்த பிள்ளைகளையும் நடுவே கலந்து வையுங்கள். இளந்தென்னையில் மட்டை தரையிலிருந்தே கிளம்பும். அதற்குத் தனி மாடல் வேண்டும்.

எல்லாம் முடித்ததும் சோதனை. சிமுலேட்டரில் தேதியை ஏப்ரல் 18 என்றும் நேரத்தைப் பகல் 12 மணி 13 நிமிடம் என்றும் வையுங்கள். தஞ்சாவூருக்கு அன்று நண்பகல் அப்போதுதான். வயலின் நிறமும் தரையின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பயிர் தேறிவிட்டது. அடுத்து அதே நாள் காலை ஏழு மணி, கிழக்கே பார்த்து ஒரு முறை, மேற்கே பார்த்து ஒரு முறை. இரண்டிலும் வயல் கறுக்கக் கூடாது. கடைசியாக டிசம்பர் 21 நண்பகல். அன்றைக்குப் பெரிய கோயில் விமானத்தைப் பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊரில் சொல்வார்கள். விழும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு, மார்கழி நண்பகலில் உச்சியின் நிழல் மையத்திலிருந்து வடக்கே சுமார் 40 மீட்டர் தள்ளி விழ வேண்டும். மார்ச் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை நண்பகலில் சூரியன் உச்சியை ஒட்டியே நிற்பதால், ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுள்ள அடித்தளத்துக்குள்ளேயே உச்சியின் நிழல் அடங்கிவிடும். மேலே போகப் போகக் குறுகும் அந்தக் கட்டுமானம் தன் நிழலைத் தானே வாங்கிக்கொள்கிறது. அந்தப் பேச்சு கிளம்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் சிமுலேட்டரில் இந்த இரண்டும் சரியாக வந்தால் மாடலின் திசையும் நேரமும் சரி என்று நம்பலாம். கோயில் விமானம் தப்பாக நிழல் போட்டுக்கொண்டிருக்கும்போது நெல் நார்மலைத் திருத்திப் பயனில்லை.

ஒரு வேண்டுகோள். நெல், தென்னை, வாழை அட்டைகள் நன்றாக அமைந்துவிட்டால் அவற்றை உங்கள் காட்சிக்குள் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு தனித் தொகுப்பாக வெளியிடுங்கள். எக்ஸ்-பிளேனில் நிலம் ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. திருச்சி ஒரு சதுரத்தில், தஞ்சாவூர் அடுத்ததில். திருவாரூரையும் நாகப்பட்டினத்தையும் செய்ய நாளைக்கு ஒருவர் உட்காருவார். 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட யாழ்ப்பாண விமான நிலையத்தைச் சுற்றி வயலும் தோட்டமும் வைக்க இன்னொருவர் தேடுவார். அட்சரேகை அங்கே இன்னும் ஒரு பாகை தெற்கு, வெயில் இதே உச்சி வெயில். குளிர்நாட்டுச் சூரியனுக்குச் செய்த இலைகளை வைத்துக்கொண்டு அவர்களும் இதே கறுப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். தொகுப்போடு ஒரு சின்னக் குறிப்பும் வையுங்கள்: எந்த அட்டைக்கு நார்மல் மேலே, எதற்கு 'இருபுறம்' டிக் உண்டு, எதற்கு இல்லை, ஆல்பா எல்லை எவ்வளவு. அந்த நான்கு வரி இல்லாமல் மாடலை மட்டும் கொடுத்தால், எடுத்துக்கொள்கிறவர் முதல் நாளே டிக்கைப் போட்டுவிடுவார்.